ஒதுங்காத தடம்

"சாவியைக் குடு, வெர்னா."

"தர மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. முதல்ல நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"சொன்னதெல்லாம் போதும். அந்தப் பொண்ணுக்குக் கால்ல ரெண்டு விரல் நிக்குமா போகுமான்னு டாக்டருக்கே தெரியல."

"ஸ்லெட்டை நான் ஷெட்லதான் மாட்டினேன். கதவைக் கட்டிட்டுத்தான் இறங்கினேன்."

"கட்டினியா? அந்தச் சிவப்புக் கயித்தாலயா? அதை ஒரு அணில்கூட அவுத்துடும்."

"அணில்தான் ஸ்லெட்டைத் தூக்கிட்டுப் போச்சுன்னு கூட்டத்துல சொல்லுங்களேன்."

இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன டெல்ஃபினா ஆர்ச்சுலெட்டாவின் அடுக்களையில். வீட்டுக்காரியோ பச்சை மிளகாய்க் குழம்பைக் கிளறிக்கொண்டு, ஏதோ வானொலியில் வானிலை அறிக்கை கேட்பவள் போல நின்றாள். பக்கத்து வீட்டு வென்டலுக்குத்தான் யாரைப் பார்ப்பதென்று தெரியவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். சண்டை போடும் பிள்ளைகளைக் கண்ணாடியில் முறைத்தே அடக்கிய மனிதர். இங்கே கண்ணாடியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

வெர்னா லுசெரோ மலைமேல் இருக்கும் தோள்மேட்டுக் குடிலின் காவல்காரி. குளிர்காலம் முழுக்க, காலில் மட்டை போல அகன்ற ஸ்னோஷூவைக் கட்டிக்கொண்டு ஏறிவருகிறவர்களுக்காக அங்கே விறகு அடுக்குவதும், பாதையில் அடையாளக் கொடி நடுவதும், அடிபட்டவரைப் பனியில் சறுக்கி இழுக்கும் ஸ்லெட் வண்டியைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. அடிவாரத்தில் அவள் குடியிருக்கும் வீடும் அந்த வேலையோடு ஒட்டியது. வேலை போனால் நடுக்குளிரில் வீடும் போகும். ஹார்லன் ஸ்டாடர்ட் குடில் சங்கத்தின் தலைவர். உயரமான மனிதர், சட்டதிட்டம் என்றால் உயிர்.

"கணக்கு ரொம்பச் சுலபம், டெல்ஃபினா," என்றார் ஹார்லன். "வெள்ளிக்கிழமை மத்தியானம் இவ இறங்கினா. ராத்திரி பூராப் பனி கொட்டிச்சு. சனிக்கிழமை நோலனும் அவன் பொண்டாட்டி கொரீனும் ஏறினாங்க. புதுப் பனி, அதுல ஒரு தடம் கிடையாது. இவங்கதான் முதல்ல பனியை மிதிச்சுப் பாதை உடைச்சவங்க. ஞாயித்துக்கிழமை கொரீன் விறகு எடுக்கப் போய் வழுக்கி முட்டியைப் பிசக்கிக்கிட்டா. நோலன் ஆபத்துக்குன்னு வச்சிருக்கிற ஸ்லெட்டை எடுக்க ஷெட்டுக்கு ஓடினா, ஸ்லெட் இல்லை. பாவம், மெத்தையில படுக்க வச்சு இழுத்துட்டு வந்தான். அதுலதான் காலு உறைஞ்சுது. பனிக்கு அப்புறம் யாரும் போகல. பனிக்கு முன்னாடி இவ மட்டும்தான் இருந்தா. வேற யாரு?"

"நான் மாட்டினேன்," என்றாள் வெர்னா.

"நீங்க இந்த வருஷம் மேல போனீங்களா, ஹார்லன்?" டெல்ஃபினா குழம்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என் முட்டி என்னை எங்க விடுது? இந்தக் குளிருக்கு மலைப்பக்கமே போகல."

"ஜூனிப்பர் எங்க காணோம்? என் மேசைக்கடியில படுக்காம இருக்காதே உங்க நாய்."

"வயசாயிடுச்சு. அடுப்பு ஓரத்துலயே கிடக்கு." ஹார்லன் கையை நீட்டினார். வெர்னா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி, கையில் கொடுக்காமல் மேசைமேல் போட்டாள். அவர் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்குச் சாயங்காலம் கூட்டம். வீட்டைக் காலி பண்ண வார முடிவு வரைக்கும் டைம் தரச் சொல்றேன். என்னால ஆனது அவ்வளவுதான்."

அவர் போனபிறகு டெல்ஃபினா அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டுகளை எடுத்தாள்.

"அக்கா, நீங்க ஷெரிப் ஆபீஸ்ல அத்தனை வருஷம் இருந்தவங்க," என்றாள் வெர்னா. "நான் பொய் சொன்னா உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்காக மத்தவங்க நம்பணுமே. சாப்பிடு. அப்புறம் மலை ஏறலாம். வென்டல், உன் மட்டைய எடுத்துக்கோ."

"நானும் வரலாமா?" வென்டல் இந்த அழைப்புக்காகக் காலையிலிருந்தே காத்திருந்தவர். "எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருக்கு, டெல்ஃபினா."

"ஒண்ணுதானா? உனக்கு உடம்பு சரியில்லையா என்ன?"

* * *

ஊரில் இருப்பது ஒரே ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே ஒரு வழக்கம். பனிப்புயலுக்குப் பிறகு குடில் வரைக்கும் முதலில் பாதை உடைத்துப் போகிறவர்களுக்கு ஒரு முழு செர்ரி பை, அதாவது பழம் வைத்துச் சுட்ட பலகாரம், இலவசம். சுவரிலிருக்கும் கரும்பலகையில் அடுத்த புயல் வரைக்கும் அவர்கள் பெயர் இருக்கும். பெரிய பரிசில்லைதான். ஆனால் அந்தப் பலகையில் பெயர் வருவதற்காக முழங்கால் தேய்ந்தவர்கள் உண்டு. மற்றவர் உடைத்த பாதையில் சுகமாக நடந்துபோய்விட்டு நான்தான் உடைத்தேன் என்று சொன்னவன் பிறகு அந்தக் கடையில் நிம்மதியாகக் காப்பி குடிக்க முடியாது.

இப்போது பலகையில் 'நோலன், கொரீன்' என்று இருந்தது. நோலன் அதன் அடியிலேயே உட்கார்ந்து, தட்டில் இருந்ததைத் தொடாமல் வெறித்துக்கொண்டிருந்தான்.

"கொரீன் எப்படி இருக்கா?" என்றாள் டெல்ஃபினா.

"வலி மாத்திரையில தூங்குறா. நாளைக்குக் கூட்டத்துக்கு வந்தே தீருவேங்கிறா. வெர்னா, நீ அந்த ஸ்லெட்டை மட்டும்..." வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கஷ்டமான ஏத்தமா இருந்திருக்குமே," என்றாள் டெல்ஃபினா. "தொடை வரைக்கும் பனி."

"ஆமா. மாத்தி மாத்தித்தான் உடைச்சோம். ரொம்ப நேரம் ஒருத்தரே முன்னாடி போக முடியாதுல்ல?"

"அடியிலிருந்து குடில் வரைக்குமா?"

நோலன் முள்கரண்டியை எடுத்தான், திரும்ப வைத்தான். "ஆமா."

"ஷெட் கதவு எப்படி இருந்துச்சு? திறந்தா, மூடியா?"

"மூடித்தான் இருந்துச்சு. கொண்டி உடைஞ்சிருந்துச்சு. கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தாங்க. அதைப் பிரிக்கவே கை விறைச்சுப்போச்சு."

வெர்னா சட்டென்று திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டெல்ஃபினா அவள் கையை மெல்ல அழுத்தினாள். வென்டல் இதைப் பார்த்தார். அர்த்தம் புரியவில்லை என்றாலும், பார்த்ததை மறந்துவிடக்கூடாது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

* * *

பாதை தொடங்கும் இடத்தில் பெரிய பலகை. 'மேலே குடிநீர் என்பது பனிதான். நாய்களுக்கு அனுமதி இல்லை. ஹா. ஸ்டாடர்ட், தலைவர்.'

"போன வருஷம் பல் டாக்டரோட நாய் அவருக்குத் தெரியாம பின்னாடியே ஓடி வந்துடுச்சு," என்றார் வென்டல், மட்டையின் வாரை இறுக்கியபடி. "அதுக்கே அந்தாளைச் சங்கத்தைவிட்டுத் தள்ளிட்டார் ஹார்லன். கெஞ்சினாரு மனுஷன். சட்டம்னா சட்டம்னுட்டார்."

"சரியான சட்டம்தான்," என்றாள் வெர்னா. "அண்டாவுல நாம உருக்கிக் குடிக்கிற பனி அது."

காட்டுக்குள் ஏறினார்கள். ஃபர் மரங்களின் நடுவே, நடைபட்டு இறுகிய வாய்க்கால் போலப் பாதை கிடந்தது. அதன் நடுவில் நோலன் மெத்தையை இழுத்துவந்த வழவழப்பு. டெல்ஃபினா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. அவள் கண் பாதையின் இரண்டு கரைகளிலேயே ஊர்ந்தது.

"என் சந்தேகத்தைச் சொல்லட்டா?" என்றார் வென்டல் மூச்சு வாங்கியபடி. "நோலனே ஸ்லெட்டை ஒளிச்சு வச்சிட்டான்."

"பொண்டாட்டியை மெத்தையில வச்சு இழுக்கிறதுக்கா?"

"அவங்களுக்குள்ள என்ன தகராறோ."

"வேற?"

"கரடி."

"ஜனவரியில. கரடியெல்லாம் தூங்குற மாசத்துல."

"தூக்கம் வராத கரடியா இருக்கலாம்," என்றார் வென்டல், அவ்வளவு உறுதியில்லாமல்.

ஓடை தாண்டி செங்குத்தான இடம் வந்தது. மூவரும் மட்டையில் குதிகாலைத் தாங்கும் கம்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏறினார்கள். மேலே வந்ததும் டெல்ஃபினா நின்றாள்.

"வென்டல், பாதையைவிட்டு இப்படி இறங்கு. புதுப் பனியில நீ முன்னாடி நட. நாங்க பின்னாடி வர்றோம்."

வென்டல் இறங்கினார். முழங்கால் வரை புதைந்தது. மரங்களைச் சுற்றிக் கொஞ்ச தூரம் உழுதுகொண்டு போனவருக்கு நெஞ்சு அடைத்தது. வழக்கப்படி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார். வெர்னா அவரைத் தாண்டி முன்னே போனாள், டெல்ஃபினா தாண்டினாள், அவர் கடைசியில் சேர்ந்துகொண்டார்.

"திரும்பிப் பாரு. என்ன தெரியுது?"

"பாதை. அப்புறம், நான் ஒதுங்கி நின்ன குழி."

"கீழேயிருந்து இதுவரைக்கும் இந்த மாதிரி எத்தனை குழி பார்த்த?"

வென்டல் வந்த வழியை மனதில் திரும்ப நடந்து பார்த்தார். கரை இரண்டும் கத்தியால் வெட்டிய மாதிரி இருந்தன. "ஒண்ணுகூட இல்லை," என்றார் மெதுவாக. "அப்போ மாத்தி மாத்தி உடைச்சேன்னு சொன்னது..."

"வா, இன்னும் பார்ப்போம்."

மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கியது. அங்கேயிருந்து குடில் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அந்த வெட்டவெளியில் பாதையோரம் ஒதுங்கிய குழிகள் இருந்தன. ஒன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, பிறகு மறுபக்கம். திங்களும் செவ்வாயும் அடித்த காற்று குழிகளின் விளிம்பை மழுக்கியிருந்தது, அவ்வளவுதான்.

"இங்க மட்டும் மாத்தியிருக்காங்க," என்றாள் வெர்னா.

"அதோ அங்க பாருங்க," என்றார் வென்டல்.

நோலன், கொரீன் போன பாதைக்குப் பத்தடி தள்ளி, காற்று நேராக மோதும் மேட்டில், இன்னொரு தடம் குடிலை நோக்கிப் போனது. அது பள்ளமாக இல்லை, மேடாக இருந்தது. மட்டையின் அச்சு ஒவ்வொன்றும் வெள்ளைத் தட்டைக் கவிழ்த்து வைத்தது போலப் பனிக்கு மேலே எழும்பி நின்றது. வென்டலுக்கு இது புதிதல்ல. மிதித்த பனி கல்லாக இறுகிவிடும். முதல் காற்று அதன்மேல் பொடியை வாரிப்போட்டு மூடும். அடுத்த பெருங்காற்று சுற்றியிருக்கும் பொடியையெல்லாம் துடைத்துக்கொண்டு போகும். இறுகியது மட்டும் நிற்கும். சனிக்கிழமை கண்ணுக்குத் தெரியாத தடம் இன்று மேடை கட்டி நிற்கிறது.

அதன் பக்கத்திலேயே சின்னச் சின்ன உருண்டை மேடுகள், பொத்தான் தைத்தது மாதிரி.

"நரி," என்றார் வென்டல் குனிந்து.

"நரி இவ்வளவு பெருசாவா? எண்ணிப் பாரு. மூணு, ஒரு இடம் காலி. மறுபடி மூணு, ஒரு இடம் காலி."

"ஒரு காலை ஊனல," என்றாள் வெர்னா. "நாய். நாயோட வந்திருக்காங்க. என் குடிலுக்கு."

தடம் ஷெட்டுக்குப் போனது. கதவில் கம்பி தொங்கியது. ஷெட்டின் பின்னாலிருந்து அது கணவாயை நோக்கி ஏறியது. இப்போது மட்டை அச்சுகளின்மேல் அகன்ற வழவழப்பான ஒரு பட்டையும் சேர்ந்துகொண்டது, ரிப்பன் விரித்த மாதிரி. ஸ்லெட் போன பட்டை. பொத்தான் மேடுகள் அதற்குப் பிறகு இல்லவே இல்லை. கணவாயைத் தாண்டி மறுபக்கக் காட்டுக்குள் பட்டை இறங்கி மறைந்தது.

"நாய் எங்க போச்சு?" என்றார் வென்டல்.

டெல்ஃபினா வெர்னாவிடம் திரும்பினாள். "கடையில என்னமோ சொல்ல வந்தியே, அதை இப்போ சொல்லு."

"கம்பின்னானே நோலன். நான் கம்பியால கட்டல. வெள்ளிக்கிழமை இறங்கும்போதுதான் கொண்டி கையோட வந்துச்சு. என் பையில இருந்த சிவப்புக் கயித்தாலதான் கட்டினேன்."

"கொண்டி உடைஞ்சதை யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்லை. திங்கட்கிழமை புதுக் கொண்டி வாங்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்தக் கூத்து. ஏன்க்கா?"

வென்டல் நேற்றிலிருந்து இன்று வரை கேட்ட பேச்சையெல்லாம் மனதில் புரட்டினார். காலையில், அடுக்களையில், யாரோ ஒரு கயிற்றைப் பற்றிச் சொன்னார்களே. அணில். ஆமாம், அணில்.

"டெல்ஃபினா..."

"நாளைக்கு," என்றாள் அவள்.

* * *

மறுநாள் கூட்டத்துக்கு முன்னால், தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் ஆறு பேர். கொரீன் கட்டுப் போட்ட காலை நாற்காலிமேல் நீட்டியிருந்தாள். நோலன் அவள் பக்கத்தில். ஹார்லன் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். வெர்னா கதவோரம் நின்றாள். வென்டல் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தார்.

"சுருக்கமா முடி, டெல்ஃபினா. ஆளுங்க வந்துடுவாங்க," என்றார் ஹார்லன்.

"சுருக்கம்தான். நோலன், காட்டுக்குள்ள நீங்க எங்கயுமே ஒதுங்கல."

நோலன் காது சிவந்தது.

"தொடை ஆழப் பனியில ரெண்டு பேர் பாதை உடைச்சா, முன்னாடி போறவங்க களைச்சு ஒதுங்கித்தான் ஆகணும். ஒதுங்கின குழி ஓரத்துல இருக்கும். காடு முழுக்க ஒரு குழி இல்லை. வழிவிட வேண்டிய ஆள் பின்னாடி இல்லாத ஒருத்தர்தான் அப்படிப் போக முடியும். தனி ஆள். களைச்சா நின்ன இடத்துலயே நிப்பாங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் போயிருக்கார். நீங்க அந்தத் தடத்துலதான் போனீங்க."

"சொல்லிடு நோலன்," என்றாள் கொரீன். "எனக்கு அந்த செர்ரி பை தொண்டையில இறங்கவே இல்லை."

"மரம் முடியிற வரைக்கும் தடம் இருந்துச்சு," என்றான் நோலன் தரையைப் பார்த்து. "நாய்த் தடமும் இருந்துச்சு. வெளியே வந்தா ஒண்ணுமே இல்லை. வழவழன்னு கிடந்துச்சு. காத்துக்குப் பயந்து வந்த வழியே திரும்பிட்டார் போலன்னு நினைச்சோம். நிறையப் பேர் அங்கதான் திரும்புவாங்க. கடைசி இடத்தை நாங்கதான் உடைச்சோம். அதனால... பலகையில பேரு..."

"திரும்பல. அந்தத் தடத்தைக் காத்து மூடி வச்சிருந்துச்சு. அப்புறம் அடிச்ச பெருங்காத்து அதை எடுத்துக் காட்டிடுச்சு. குடிலுக்குப் போயிருக்கார், கால் நொண்டுற ஒரு நாயோட. விரல் இடுக்குல பனி கட்டியாகி அறுத்திருக்கும், வயசான நாய்னா கேக்கவே வேண்டாம். ஷெட்டைத் திறந்து ஸ்லெட்டை எடுத்து, நாயை அதுல ஏத்தி, ஆள் வராத மறுபக்கமா இறங்கியிருக்கார். நாயைக் கட்டவும் இழுக்கவும் கயிறு வேணும். கதவுல இருந்த கயித்தை எடுத்துக்கிட்டு, கம்பியை முறுக்கி வச்சிட்டார்."

"யாராவது வெளியூர் ஆளா இருக்கும்," என்றார் ஹார்லன். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"வெளியூர் ஆளுக்கு என்ன பயம்? இந்த ஊர்ல வேற யாரா இருந்தாலும், ஸ்லெட்டைக் கொண்டுவந்து கொடுத்துட்டு உங்ககிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பாங்க, பல் டாக்டர் மாதிரி. நாயோட போனேன்னு வாயைத் திறக்கவே முடியாத ஆள் ஒருத்தர்தான், ஹார்லன்."

"என் முட்டி..."

"கொண்டி உடைஞ்சது வெள்ளிக்கிழமை. வெர்னா சிவப்புக் கயித்தால கட்டினது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நோலன் போனப்போ அங்க கம்பிதான் இருந்துச்சு. நடுவுல வந்த ஆளைத் தவிர அந்தக் கயித்தை யாரும் பார்த்திருக்க முடியாது. நேத்து என் அடுக்களையில, அணில்கூட அவுத்துடும்னு சொன்னீங்க. நீங்க அவுத்துப் பார்த்திருக்கீங்க."

வெளியே வண்டிகள் வந்து நிற்கும் சத்தம், பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும் சத்தம்.

ஹார்லன் மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்தபோதுதான் அவர் எவ்வளவு வயதானவர் என்று வென்டலுக்குத் தெரிந்தது.

"சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஜூனிப்பர் என்னோட அங்க வந்துக்கிட்டிருந்துச்சு," என்றார் ஹார்லன். "குட்டியா இருந்தப்பலேர்ந்து. இந்தக் குளிரைத் தாண்டாதுன்னு நாய் டாக்டர் சொல்லிட்டார். ஒரு தடவை காட்டிட்டு, யாரும் வர்றதுக்குள்ள இறங்கிடலாம்னு நினைச்சேன். மேல போனதும் அதால நடக்க முடியல. ஸ்லெட் மறுபக்கம் என் தங்கச்சி பண்ணைக் கொட்டகையில இருக்கு. ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் மாட்டிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..." அவர் கொரீனின் காலைப் பார்த்தார். பார்வையை உடனே எடுத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

"உள்ள போய் அதையே சொல்லுங்க," என்றாள் டெல்ஃபினா. "இதே மாதிரி, இதே வரிசையில."

"நானும் கடையில போய்ப் பேரை அழிச்சிட்டு வந்துடறேன்," என்றான் நோலன் தாழ்ந்த குரலில்.

ஹார்லன் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். மேசையில் போடவில்லை. கதவு வரைக்கும் நடந்துபோய், வெர்னாவின் கையில் வைத்தார். அவள் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். மாட்டி முடிக்கும் வரைக்கும் அவர் அங்கேயே நின்றார், திட்டு வாங்கத் தயாராகிவிட்டவர் போல.

வெர்னா கதவைத் திறந்து பிடித்தாள். கூட்ட அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டிருந்தா நானே கூட வந்து ஸ்லெட்டை இழுத்திருப்பேனே, ஹார்லன். ஜூனிப்பருக்கு இப்போ கால் எப்படி இருக்கு?"